ஏற்காட்டு மூடுபனியில் எந்த சென்சார், எந்த இடத்தில்?

போன பிப்ரவரியில் பெரியப்பாவின் தோட்டத்து குடோனிலிருந்து மூன்று மூட்டை மிளகு போனது. பறித்து, காயவைத்து, தூற்றி, மூட்டை கட்டி, மறுநாள் காலை சேலத்துக்கு இறக்குவதற்காக வைத்திருந்த மிளகு. பூட்டை அறுத்திருந்தார்கள். வாசலுக்கு மேலே கேமரா இருந்தது, அது பதிவும் செய்திருந்தது. போட்டுப் பார்த்தால் திரை முழுக்க வெள்ளை. அந்த வெள்ளைக்குள் ஒரு நிழல் இரண்டு முறை அசைகிறது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

தோட்டம் நாகலூர் பக்கம், 14 ஏக்கர். காப்பிச் செடிகள், நிழலுக்கு சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி. திருட்டுக்குப் பிறகு சேலத்திலிருந்து ஒரு கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, தோட்டத்தைச் சுற்றி 16 கேமரா போட வேண்டும் என்று விலைப்பட்டியல் கொடுத்தார். நாங்கள் ஒதுக்க முடிந்தது ஒன்றரை லட்சம். பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, "நீ படிச்சவன், பார்த்துச் சொல்லுப்பா" என்றார். மூன்று வார இறுதிகள் மலையேறி, தோட்டத்தை நடந்து பார்த்துப் போட்ட கணக்கு இது. மலைத்தோட்டமோ ஒதுக்குப்புறமான கிடங்கோ வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் பெரியப்பாவிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: இரவு இரண்டு மணிக்குக் கருவி உங்களை எழுப்பினால், எழுந்து என்ன செய்வீர்கள்? மேஸ்திரியைக் கூப்பிட்டுக்கொண்டு டார்ச்சோடு போவேன் என்றார். வீட்டிலிருந்து குடோனுக்கு இருட்டில், ஈரப் பாதையில், 9 நிமிடம். இந்த 9 நிமிடம்தான் பிறகு எல்லாவற்றையும் முடிவு செய்தது.

பூட்டை அறுக்க 3 நிமிடம் என்று வைத்துக்கொண்டோம். அப்படியானால் குடோன் கதவில் வைக்கும் எந்தக் கருவியும், அது எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும், திருட்டு முடிந்த பிறகுதான் நம்மை அங்கே கொண்டு போய்ச் சேர்க்கும். மூட்டையைத் தூக்கிக்கொண்டு போக இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்தான். ஆனால் அதை நம்பித் திட்டம் போட முடியாது. திருடர் வந்து சேர 6 நிமிடத்துக்கும் மேல் பாக்கி இருக்கும்போதே மணி அடிக்க வேண்டும். கருவியின் தரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டுவிடுங்கள். கடைக்காரர் யாரும் இதைக் கேட்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

சரி, கருவிகளுக்கு வருவோம்.

கேமரா

கேமராவை எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள். அதன் வேலை எது என்பதில்தான் குழப்பம். கேமராத் துறையில் பல ஆண்டுகளாகப் புழங்கும் ஐ.இ.சி. 62676-4 என்ற சர்வதேசத் தரக்குறிப்பின் 2014 பதிப்பு இதை அழகாகப் பிரித்துச் சொல்கிறது: ஏதோ ஓர் ஆள் இருக்கிறார் என்று தெரிய ஒரு மீட்டருக்கு 25 பிக்சல் போதும். தெரிந்த ஆளை அடையாளம் காண 125 வேண்டும். தெரியாத ஆளின் முகத்தைச் சந்தேகமில்லாமல் பதிவு செய்ய 250 வேண்டும்.

வீட்டில் போடும் சாதாரண கேமராவின் படம் 1920 பிக்சல் அகலம். 1920ஐ 250ஆல் வகுத்தால் 7.7 மீட்டர். அதாவது படம் 7.7 மீட்டருக்கு மேல் அகன்றுவிட்டால் முகம் கிடைக்காது. 90 டிகிரி விரிந்து பார்க்கும் லென்ஸில் அந்த எல்லை கேமராவிலிருந்து 4 மீட்டர்கூட இல்லை. அதே கேமராவில் 30 டிகிரி லென்ஸ் போட்டால் 14 மீட்டர் வரை முகம் கிடைக்கும். நிறையப் பார்க்கட்டும் என்று எல்லா இடத்திலும் அகன்ற லென்ஸ் போடுகிறார்கள். அதில் எல்லாம் தெரியும், யார் என்று மட்டும் தெரியாது.

இது பகல் கணக்கு. இரவில் கேமரா தன்னைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகளை நம்பியிருக்கிறது. அதன் ஒளி 0.85 மைக்ரான் அலைநீளம். மூடுபனித் துளிகள் சில மைக்ரானிலிருந்து சில பத்து மைக்ரான் வரை. துளி ஒவ்வொன்றும் அந்த ஒளியைத் திருப்பிச் சிதறடிக்கும். விளக்கு லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் சிதறிய வெளிச்சம் நேராக லென்ஸுக்குள் வந்து விழும். பிப்ரவரியில் நாங்கள் பார்த்த வெள்ளைத் திரை அதுதான். இதற்கு ஒரு வழி உண்டு: கேமராவின் விளக்கை அணைத்துவிட்டு, தனி விளக்கை நான்கைந்து மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். பனி முழுக்கப் போகாது, ஆனால் படம் வரும். விளக்கைச் சுற்றி வரும் பூச்சியும் அதைத் தேடி வரும் சிலந்தியும் லென்ஸை விட்டு விலகும் என்பது கூடுதல் லாபம்.

ஆகவே கேமரா எழுப்பும் கருவி இல்லை, சாட்சிக் கருவி. 16 வேண்டாம், மூன்று போதும் என்று அங்கேயே முடிவு செய்தோம்.

எழுப்பும் கருவிகள்

இங்கே நான்கு வாய்ப்புகள் இருந்தன.

வேலியோரம் முழுக்க அகச்சிவப்புக் கதிர்க் கம்பங்கள் வைப்பது ஒன்று. ஒரு கம்பம் கதிரை அனுப்பும், எதிர்க் கம்பம் வாங்கும், நடுவில் ஆள் கடந்தால் மணி. சமதளத்தில், சேலத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையின் மதில் மேல் என்றால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். ஏற்காட்டில் நிலம் ஏறி இறங்குகிறது, கதிரோ நேர்கோட்டில் போகிறது. பள்ளத்தில் குனிந்தே வரலாம். உண்ணிச்செடி மாதத்துக்கு ஒரு முழம் வளர்ந்து குறுக்கே வந்து நிற்கும். கடைசியாக அதே மூடுபனி. கேமராவைக் குருடாக்கும் பனி இதையும் குருடாக்கும். ஒரே காரணத்தால் இரண்டும் ஒன்றாகப் படுத்துவிடும் என்றால், இரண்டு வைத்தும் ஒன்று வைத்த மாதிரிதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் ஓர் இடத்தில் வரும்.

உடல் வெப்பத்தைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமரா பெரியப்பாவுக்குப் பிடித்திருந்தது. மதுக்கரையில் தண்டவாளம் கடக்கும் யானைகளுக்காக வனத்துறை 2024இல் தெர்மல் கேமரா அமைப்பைக் கொண்டுவந்த செய்தியை அவர் பார்த்திருக்கிறார். அங்கே யானை, திறந்த தண்டவாளம், உயரமான கோபுரம். நம்முடையது மரத்துக்கு மரம் மறைக்கும் நிழல் தோட்டம். பாறை மேட்டில் ஒன்று வைத்தால் காப்பிச் செடியின் தலைதான் தெரியும். மெல்லிய பனியைத் தெர்மல் ஊடுருவும் என்பது சரி. ஆனால் அது பார்க்கும் 8 முதல் 14 மைக்ரான் அலை, அடர்ந்த மூடுபனித் துளியின் அளவுக்கே அருகில் இருக்கிறது. நன்றாக மேகம் இறங்கிய இரவில் அதுவும் மங்கிவிடும். எங்கள் மொத்தப் பணத்தையும் அது ஒன்றுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

மூன்றாவது, பி.ஐ.ஆர். என்று கடையில் கேட்டால் கிடைக்கும் உடல்வெப்ப சென்சார். விலை குறைவு, பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடும். இது வெப்பத்தை அளப்பதில்லை, வெப்பத்தின் மாற்றத்தை உணர்கிறது. அதன் லென்ஸ் எதிரே உள்ள இடத்தை விசிறி போலப் பட்டைகளாகப் பிரிக்கும். ஆள் ஒரு பட்டையிலிருந்து அடுத்ததுக்குக் குறுக்கே நகரும்போது உணரும். நேராக அதை நோக்கியே நடந்து வந்தால் தாமதமாகத்தான் உணரும். சூழல் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கினால் மந்தமாகிவிடும். சேலத்தில் மே மாதம் இந்தக் கருவி சோம்பிப் போவதற்கும் 1500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டின் குளிர் இரவில் சுறுசுறுப்பாக இருப்பதற்கும் காரணம் இதுதான். மலைக்கு இது பொருந்துகிறது. குறை என்னவென்றால், வெயிலில் சூடேறிய இலை காற்றில் ஆடினாலும் இதற்கு ஆள் மாதிரிதான்.

நான்காவது மைக்ரோவேவ் சென்சார், சின்ன ரேடார். 24 கிகாஹெர்ட்ஸில் அதன் அலைநீளம் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். அந்த அளவுக்கு முன்னால் மூடுபனித் துளி தூசு, பொருட்டே இல்லை. கருவியை நோக்கி வரும், அல்லது விலகிப் போகும் அசைவை நன்றாக உணரும், குறுக்கே போவதில் பலவீனம். அதாவது பி.ஐ.ஆருக்கு நேர் எதிர். கனமழையும் ஆடும் கிளையும் இதற்கு எதிரி.

இந்த எதிர்த்தன்மையில்தான் நான் நின்றேன். ஒன்றுக்குக் குறுக்கு அசைவு, மற்றதற்கு நேர் அசைவு. ஒன்றைச் சூடான இலை ஏமாற்றும், மற்றதை மழை ஏமாற்றும். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து, பாதைக்கு 45 டிகிரி சாய்வாகத் திருப்பி, இரண்டும் 10 விநாடிக்குள் சேர்ந்து சொன்னால் மட்டும் மணி என்று வைத்தால்?

கணக்கு போட்டுப் பார்த்தேன். 10 மணி நேர இரவில் ஒவ்வொன்றும் மூன்று முறை பொய்யாக அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தனியாக ஐந்து இடத்தில் பி.ஐ.ஆர். மட்டும் என்றால் இரவுக்கு 15 பொய் மணி. இரண்டாவது வாரம் பெரியப்பா போனை அணைத்துவிட்டுத் தூங்குவார், யாரும் அப்படித்தான் செய்வார்கள். இரண்டும் சேர வேண்டும் என்றால், தற்செயலாக 10 விநாடி முன்பின் ஒன்றாக அடிக்கும் வாய்ப்பு ஓர் இடத்துக்கு 200 இரவில் ஒன்று. ஆனால் இரண்டின் பொய்க்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை என்றால்தான் இந்த 200. காற்றில் ஆடும் கிளை இரண்டையுமே ஏமாற்றக்கூடியது. அதனால் கருவியின் பார்வைக்குள் கிளை வெட்டுவதைப் பறிப்பு வேலைக்குச் சமமாக மேஸ்திரியின் பட்டியலில் சேர்த்தாயிற்று.

இதற்கு விலையும் உண்டு. தனித்தனியாக 90 சதவீதம் பிடிக்கும் இரண்டு கருவிகள் சேர்ந்தே சொல்ல வேண்டும் என்றால் 81 சதவீதம்தான் பிடிக்கும். ஐந்தில் ஒருவர் தப்பிவிடுவார். ஆகவே ஒவ்வொரு வழியிலும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இடம். முதல் இடத்தில் தப்பும் 19 சதவீதத்தில் இரண்டாவதிலும் தப்புவது 19 சதவீதம். மொத்தம் 96 சதவீதம் பிடிபடும். ஒரே இடத்தில் விலையுயர்ந்த கருவி வைப்பதைவிட, வரிசையாக இரண்டு எளிய இடம் எனக்கு நம்பிக்கை தருகிறது.

அதிர்வை உணரும் வேலிக் கம்பி, மண்ணுக்குள் புதைக்கும் காலடி சென்சார் இரண்டையும் சீக்கிரமே தள்ளிவிட்டோம். முதலாவதற்கு இறுக்கமான கம்பி வேலி வேண்டும், எங்கள் எல்லை பாதிக்குமேல் உயிர்வேலி. இரண்டாவதற்குத் தோண்டிய இடமெல்லாம் பாறை.

எந்த இடத்தில்

தோட்டத்தை முழுசாக மூட வேண்டும் என்ற ஆசைதான் பணத்தைத் தின்னும். காய வைக்கும் களத்தைப் பற்றி யோசித்தபோது ஒரு பழைய கணிதக் கேள்வி நினைவுக்கு வந்தது. 1973இல் விக்டர் க்ளீ கேட்டார்: n மூலைகள் கொண்ட ஒரு கூடத்தை முழுக்கப் பார்க்க எத்தனை காவலர் போதும்? 1975இல் வாட்ஸ்லாவ் ஷ்வாடல் நிரூபித்தார்: nஐ 3ஆல் வகுத்து, மீதியை விட்டுவிட்டால் வருவது எப்போதும் போதும். எங்கள் களம் எல் வடிவம், ஆறு மூலை, ஆகவே இரண்டு போதும். உள்மூலையில் நின்று பார்த்தால் ஒன்றே போதும். போதும் என்பது வேறு, வேண்டும் என்பது வேறு. அங்கே ஒரு கேமரா. ஆனால் இந்தத் தேற்றம் சுவருக்குள் செல்லுபடியாகும். மரமும் சரிவும் உள்ள 14 ஏக்கருக்கு வேறு விதமாக யோசிக்க வேண்டும். அங்கே பரப்பை எண்ணக் கூடாது, வழிகளை எண்ண வேண்டும்.

மேஸ்திரியோடு நடந்து எண்ணினோம். வெளியிலிருந்து குடோனுக்கு மூட்டையைச் சுமந்து போய்வரக்கூடிய வழிகள் ஆறு. அவற்றில் நான்கு, பலாமரத்து முக்கில் ஒன்றாகச் சேர்கின்றன. மேல் ஓடைப் பலகைப்பாலத்தில் மூன்று வழிகள், கீழ்ப்படிக்கட்டில் மற்ற மூன்று. முதல் முறை பார்த்தவுடன் நான் பலாமரத்தைத்தான் தேர்ந்தெடுத்தேன். ஒரே கருவியில் நான்கு வழி! மீதி இரண்டில் ஒன்று பாலம் வழியாக, மற்றது படிக்கட்டு வழியாக வருகிறது. அதனால் அடுத்தது எதை வைத்தாலும் புதிதாக ஒரு வழிதான் சேரும். மொத்தம் ஐந்து, ஆறாவது திறந்தே கிடக்கும். பாலத்தையும் படிக்கட்டையும் எடுத்தால் ஆறும் அடைபடும்.

ஒவ்வொரு முறையும் அப்போதைக்கு அதிகம் தருவதை எடுக்கும் இந்த முறையைப் பற்றி 1978இல் நெம்ஹாசர், வோல்சி, ஃபிஷர் மூவரும் ஒன்றை நிரூபித்தார்கள்: எத்தனை இடங்கள் எடுத்தாலும், மிகச் சிறந்த தேர்வில் குறைந்தது 63 சதவீதமாவது அதில் கிடைத்துவிடும். ஊர் முழுக்க நூறு இடம் தேர்ந்தெடுக்க வேண்டியவருக்கு அது பெரிய ஆறுதல். எல்லாச் சேர்க்கைகளையும் சோதித்துப் பார்க்க அவரால் முடியாது. நமக்கு இருப்பது பத்துப் பதினைந்து இடம். ஒரு தாளில் எல்லாச் சேர்க்கையையும் எழுதிப் பார்த்துவிடலாம், பார்த்துவிட வேண்டும்.

நேரக் கணக்கும் அதே பதிலைத்தான் சொன்னது. பலாமரத்திலிருந்து குடோனுக்கு 2 நிமிடம், பூட்டுக்கு 3, ஆக 5. பெரியப்பாவுக்கு வேண்டியது 9. பாலத்திலிருந்து நடை 8 நிமிடம், படிக்கட்டிலிருந்து 7. பூட்டையும் சேர்த்தால் 11, 10. நேரம் இருக்கிறது, ஆனால் இழுபறியாக. அதனால் சென்சாருக்கு முன்னால் வாங்கியது குடோனுக்கு இரும்புத் தகடு அடித்த கதவும் உள்பக்கப் பூட்டும். அது 4 நிமிடம் சேர்க்கும் என்று கொல்லர் சொன்னார். அப்படிப் பார்த்தால் பலாமரமும் 9 நிமிடத்துக்கு வந்துவிடுகிறது, இரண்டாவது அடுக்காக அங்கேயும் ஓர் இணை (ஒரு பி.ஐ.ஆர்., ஒரு மைக்ரோவேவ்) வைக்கலாம். பலாமரத்துக்கு வராத இரண்டு வழிகளுக்கு, பாலத்துக்கும் படிக்கட்டுக்கும் கொஞ்சம் உள்ளே தள்ளித் தனித்தனி இணை. ஆக ஐந்து இடம், ஐந்து இணை.

பாலத்தைத் தேர்ந்தெடுத்ததில் இன்னொரு நன்மை, இதை முதலில் சொன்னது மேஸ்திரிதான். சேர்வராயன் மலையில் இப்போது காட்டெருமை நடமாட்டம் எங்கள் பக்கமும் உண்டு. சூடான பெரிய உடல், இரண்டு சென்சாரும் அதை ஆள் என்றுதான் சொல்லும். நியாயமான மணி, ஆனால் நமக்கு வேண்டாத மணி. "ரெண்டடிப் பலகை மேல அது நடக்காதுங்க" என்றார். ஓடைக்குள் இறங்கித்தான் போகும். கல்படிக்கட்டும் குறுகல். மிருகத்தைப் பிரித்தறியும் மென்பொருளுக்குச் செலவழிக்க இருந்த பணம், அதுவே பிரித்துக்கொள்ளும் இடத்தில் வைத்ததால் மிச்சம். இரவில் காட்டெருமைக்கு எதிரே டார்ச்சோடு போய் நிற்பது உயிருக்கு ஆபத்து என்பதால் இது வெறும் பண விஷயமும் இல்லை.

வைக்கக் கூடாத இடம் ஒன்றும் இருந்தது. லைன் வீடுகளின் பின்பாதையும் அந்த ஆறு வழியில் ஒன்று. அங்கே கேமரா போட்டால் தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் விடியலில் போய்வருவது முழுக்கப் பதிவாகும். கடைக்காரரின் 16இல் இரண்டு அங்கேதான் இருந்தன. பெரியப்பா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை, வேண்டாம் என்றார். அந்தப் பாதை படிக்கட்டில் வந்து சேர்கிறது, அங்கே படம் எடுக்காத சென்சார் பார்த்துக்கொள்ளும்.

செய்தி அனுப்புவதற்கு லோரா ரேடியோ. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம், மரங்களுக்கு நடுவே வைஃபையைவிடப் பல மடங்கு தூரம் போகும். கேபிள் இழுக்கவில்லை. நீளமான கம்பி மலையில் இடிமின்னலுக்குக் கொடுக்கும் அழைப்பு. சோலாரும் சென்சாருக்கு வேண்டாம் என்று விட்டோம். காப்பி பறிக்கும் நவம்பர், டிசம்பரில்தான் நாள்கணக்கில் வெயில் முகம் தெரியாது. மாற்றக்கூடிய லித்தியம் பேட்டரி, பறிப்பு தொடங்கும் முன் வருடம் ஒருமுறை மாற்றம்.

இந்த ஏற்பாடு குடோனுக்கு மட்டும்தான். கொடியிலேயே இரவோடு இரவாக மிளகை உருவிக்கொண்டு போகிறவர்களை இது தடுக்காது. 14 ஏக்கரில் பரவி நிற்கும் பொருளுக்கு எங்கள் பணத்தில் எந்தக் கருவியும் போதாது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை வாட்ச்மேன் ஒருவரும் மேஸ்திரியின் இரண்டு நாய்களும்தான். நாய் பனியில் மோப்பம் பிடிக்கும், தெரிந்தவரையும் தெரியாதவரையும் பிரித்தறியும். இந்தக் கட்டுரையில் சொன்ன எதற்கும் அந்தத் திறமை இல்லை.

மாட்டியாயிற்று. இப்போது நடந்து பார்க்கும் சோதனை நடக்கிறது. மூட்டை சுமந்து, குனிந்து, மெதுவாக, ஓடி, பலவிதமாக. ஓர் இணை 20 முறையில் 20ம் பிடித்தால்கூட, அது 86 சதவீதத்துக்குக் குறையாது என்றுதான் 95 சதவீத உறுதியோடு சொல்ல முடியும். 30க்கு 30 என்றால் 90. அதனால் ஓர் இடத்துக்கு 30 நடை, அதில் பாதியாவது மேகம் இறங்கிய இரவில். பாலத்தில் 30 நடையில் 28 கிடைத்தது. தவறிய இரண்டும் கைப்பிடியை ஒட்டிக் குனிந்து வந்தவை. கருவியை ஒரு முழம் இறக்கி மாட்டியிருக்கிறோம், அடுத்த மூடுபனிக்கு மறுபடி நடக்க வேண்டும்.